காவலுக்கு மூன்று கடிகாரங்கள்

1876 ஜனவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் என்ற ஊர். அங்கிருந்த நேஷனல் வங்கியின் காசாளர் ஜான் விட்டல்ஸியின் வீட்டுக்குள் முகமூடி அணிந்த ஆட்கள் புகுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் கட்டிப்போட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வீட்டில் இருந்த பணமோ நகையோ இல்லை. வங்கிப் பெட்டகத்தின் எண்பூட்டைத் திறக்கும் எண்கள்.

விட்டல்ஸி முதலில் வாய்க்கு வந்த எண்களைச் சொன்னார். வந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். சொன்னதை எழுதிக்கொண்டு, அதே எண்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அந்தக்கணம் கற்பனை செய்த எண்கள் யாருக்குத்தான் நினைவிருக்கும்? மாட்டிக்கொண்டார். மணிக்கணக்கில் நீடித்த சித்திரவதைக்குப் பிறகு, விடிவதற்குள் உண்மையான எண்கள் கொள்ளையர் கைக்குப் போய்விட்டன. பத்து லட்சம் டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள பத்திரங்களும் பணமும் பறிபோயின. அந்தக் காலத்தின் மிகப்பெரிய வங்கிக் கொள்ளைகளில் அதுவும் ஒன்று.

கும்பலின் உளவாளி யார் என்பது பின்னால் தெரிந்தது. பெட்டக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த வில்லியம் எட்சன். பல பேரிடம் பிரித்து வைத்திருந்த எண்களைக் காசாளர் ஒருவரிடமே மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று வங்கிக்கு யோசனை சொன்னவரும் அவரே.

அன்று இரவு பெட்டகத்தின் பூட்டு தன் வேலையைச் சரியாகவே செய்தது. சரியான எண்கள் வந்தன, திறந்தது. உடைந்துபோனது மனிதர்.

பத்து லட்சம் வழிகள், ஒரு மனிதன்

எண்பூட்டின் கணக்கு எளிது. முகப்பில் 0 முதல் 99 வரை கோடுகள். உள்ளே மூன்று சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு வெட்டு. மூன்று வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால்தான் உள்ளிருக்கும் நெம்புகோல் அதற்குள் விழும், தாழ் விலகும். நூறை மூன்று முறை பெருக்கினால் பத்து லட்சம் சேர்க்கைகள். ஒரு சேர்க்கையை முயன்று பார்க்க இருபது விநாடி என்று வைத்துக்கொண்டால், ஊண் உறக்கமின்றி சுமார் 230 நாட்கள் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கோடு சற்றுப் பிசகினாலும் பூட்டு திறந்துவிடும் என்பதால் நடைமுறையில் இந்த எண்ணிக்கை குறையும். குறைந்தாலும் ஒரு இரவில் முடிகிற வேலை இல்லை.

ஆகவே திருடர்கள் கணக்கை விட்டுவிட்டு, கணக்கைத் தெரிந்தவரைத் தேடிப் போனார்கள். பூட்டு வலுவாக வலுவாக, காசாளரின் உயிர் மலிவாகிக்கொண்டே போனது. வங்கி வாங்கிய ஒவ்வொரு நல்ல பூட்டும், அதன் எண்களைத் தெரிந்தவரின் வீட்டு வாசலுக்கு ஆபத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தது.

இதற்கு ஒரு வழி அதற்கு முன்பே பிறந்திருந்தது. ஸ்காட்லாந்தின் ஜெட்பர்க் ஊரில் வங்கி முகவராக இருந்த வில்லியம் ரதர்ஃபோர்ட், குறித்த நேரம் வரும்வரை திறக்காத ஒரு பூட்டுக்கு 1831-லேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த யோசனை வங்கிகளில் வேர்விடவில்லை. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பூட்டுத் தொழில் செய்த ஜேம்ஸ் சார்ஜென்ட். பிறர் செய்த பூட்டுகளைத் திறந்து காட்டியே பெயர் வாங்கியவர் அவர். புகழ்பெற்ற லைனஸ் யேல் ஜூனியரின் வங்கிப் பூட்டுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. சக்கரங்களுக்கும் நெம்புகோலுக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளி வேறுபாடுகளை வெளியிலிருந்தே அளந்து எண்களைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். பூட்டின் பலவீனங்களை வரிசையாக அடைத்துக்கொண்டு போனவர், கடைசியில் அடைக்க முடியாத ஒன்றை எதிர்கொண்டார்: எண்களை அறிந்த மனிதன்.

1873-ல் அவர் உருவாக்கிய நேரப்பூட்டு மனிதனையே கணக்கிலிருந்து நீக்கியது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் மாரிசன் என்ற சிற்றூரிலிருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியில் 1874-ல் அது பொருத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் யேல் நிறுவனமும் எமரி ஸ்டாக்வெல் வடிவமைத்த நேரப்பூட்டோடு களத்தில் இறங்கியது. இரு தரப்பும் காப்புரிமைக்காகப் போட்டுக்கொண்ட வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1886-ல் தீர்ப்பாயின. அத்தனை சண்டை போடும் அளவுக்குச் சந்தை இருந்தது.

கதவின் உட்புறம்

பழைய வங்கிப் பெட்டகம் ஒன்றின் கதவைத் திறந்து அதன் உட்புறத்தைப் பார்த்தால், கனத்த எஃகுக்கு நடுவே ஒரு நகைப்பேழை பதித்திருப்பதுபோல் தோன்றும். கண்ணாடி முகப்பு, பூவேலை செய்த பித்தளைச் சட்டம், உள்ளே வரிசையாக இரண்டு அல்லது மூன்று கடிகாரங்கள். அவை மணி காட்டுவதில்லை. முகப்பில் 12 வரை எண்கள் இருக்காது. 0 முதல் 72 வரை இருக்கும். இன்னும் எத்தனை மணி நேரம் பூட்டியிருக்க வேண்டும் என்பதே அவை காட்டுவது. பின்னால் வந்தவற்றில் 120, 144 மணி நேரம் வரை ஓடக்கூடியவையும் உண்டு.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வங்கியை மூடுகிறார்கள். திங்கள் காலை 9 மணிக்குத் திறக்க வேண்டும் என்று கொள்வோம். இடையில் 42 மணி நேரம். கதவு திறந்திருக்கும்போதே அலுவலர் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் சாவி கொடுத்து 42-க்குக் கொண்டுவருகிறார். கதவைச் சாத்துகிறார். கைப்பிடியைத் திருப்பித் தாழ்களை வெளியே தள்ளுகிறார். எண்பூட்டைக் கலைக்கிறார். அந்த நொடியிலிருந்து சாவித் துளை கதவுக்கு அந்தப் பக்கம், மனிதர்கள் இந்தப் பக்கம்.

உள்ளே நடப்பது இதுதான். தாழ்களை இழுத்துப் பின்வாங்கச் செய்யும் பட்டையின் பாதையில் ஒரு சின்ன உலோகத் துண்டு குறுக்கே நிற்கிறது. கடிகாரத் தட்டு மெல்லச் சுழன்று பூஜ்யத்தை எட்டும்போது, தட்டிலுள்ள முளை ஒரு நெம்புகோலைத் தள்ளும். குறுக்கே நின்ற துண்டு விலகும். நேரப்பூட்டு கதவைத் திறப்பதில்லை. திறக்கவிடாமல் தடுப்பதை நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன்பின் எண்பூட்டையும் சரியாகத் திருப்பினால்தான் கைப்பிடி அசையும்.

கணினி படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழகிய ஒன்றாகத் தெரியும். எண்பூட்டு, நேரப்பூட்டு இரண்டும் சம்மதிக்க வேண்டும்: இது 'மற்றும்' என்ற தர்க்கம். ஆனால் நேரப்பூட்டுக்குள் இருக்கும் மூன்று கடிகாரங்களில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தை எட்டினால் போதும்: இது 'அல்லது'. திருடனுக்கு எதிராக 'மற்றும்', உரிமையாளருக்கு ஆதரவாக 'அல்லது'. சிலிக்கான் சில்லுகள் வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பித்தளையில் எழுதிவைத்த தர்க்கம்.

நம்பினால்தான் காக்கும்

நார்தாம்ப்டன் கொள்ளை நடந்த அதே ஆண்டு, செப்டம்பர் 7-ஆம் தேதி. மின்னசோட்டா மாநிலத்தின் நார்த்ஃபீல்ட் ஊரில், ஜெஸ்ஸி ஜேம்ஸும் யங்கர் சகோதரர்களும் சேர்ந்த கும்பல் பட்டப்பகலில் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்குள் நுழைந்தது. அன்று காசாளர் பொறுப்பில் இருந்தவர் ஜோசப் லீ ஹேவுட். பெட்டகத்தைத் திறக்கச் சொன்னபோது, நேரப்பூட்டு போட்டிருக்கிறது, என்னால் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அது பொய். பெட்டகத்தின் கதவு சாத்தியிருந்ததே தவிர, பூட்டியிருக்கவில்லை. கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று கொள்ளையர்களுக்குத் தோன்றவே இல்லை. வெளியே ஊர்மக்கள் துப்பாக்கியோடு திரண்டதும் ஓடினார்கள். கையில் கிடைத்தது முப்பது டாலர்கூட இல்லை. போகும் முன் ஹேவுட்டைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேரப்பூட்டின் உண்மையான வேலை புலப்படும். அது பணத்தைக் காக்கிறது. அதைவிட முக்கியமாக, மிரட்டுவதைப் பயனற்றதாக்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காசாளரால் திறக்க முடியாது என்பது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. துப்பாக்கி பிடித்தவன் அதை நம்பவும் வேண்டும். நார்த்ஃபீல்டில் சொன்ன பொய், பணத்தைக் காப்பாற்றியது. சொன்னவரைக் காப்பாற்றவில்லை.

பேரத்தில் தன் கைகளைத் தானே கட்டிக்கொள்பவனுக்கு ஒரு பலம் கிடைக்கிறது என்று பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1960-ல் விரிவாக விளக்கினார். விட்டுக்கொடுக்கும் அதிகாரமே என்னிடம் இல்லை என்று எதிராளிக்கு ஐயமற நிரூபித்துவிட்டால், அவன் என்னை வற்புறுத்துவதில் பொருளில்லை. அவருக்கு 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த உண்மையை 19-ஆம் நூற்றாண்டின் வங்கிகள் ஏட்டில் படிக்கவில்லை, இரத்தத்தில் படித்தன. 'இப்பெட்டகத்தை ஊழியர்களால் திறக்க இயலாது' என்று பல நாடுகளில் இன்றும் வங்கி, கடை வாசல்களில் எழுதி ஒட்டியிருப்பதன் காரணமும் இதுவே. பூட்டைப் போலவே அந்த அறிவிப்பும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

ஏன் மூன்று?

நேரப்பூட்டை விற்கப் போனவர்களிடம் வங்கிக்காரர்கள் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: கடிகாரம் நின்றுபோனால்?

மற்ற எல்லாப் பூட்டுகளும் சும்மா இருப்பதே காவல் காப்பது. நேரப்பூட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் அது திறக்காது, என்றைக்கும் திறக்காது. வங்கியின் வாசலில் வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். உள்ளே பணம் இருக்கும். எண்கள் கையில் இருக்கும். கதவு மட்டும் அசையாது. பணம் கொடுக்க முடியாத வங்கியைப் பற்றி வதந்தி கிளம்பினால் அது கொள்ளையைவிட மோசமான அழிவு.

பழைய சட்டைப்பைக் கடிகாரங்கள் வழக்கமாக மணிக்கு 18,000 முறை துடித்தன. அந்த வேகத்தில் 72 மணி நேரம் ஓட வேண்டுமானால் 12,96,000 துடிப்புகள். அத்தனையில் எங்கே தடுமாறினாலும் கதை முடிந்தது. விசித்திரம் என்னவென்றால், இங்கே துல்லியம் பெரிய விஷயமே இல்லை. கதவு ஐந்து நிமிடம் முன்னால் திறந்தாலும் பின்னால் திறந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே ஒரு குணம் போதும்: நிற்கக் கூடாது.

இதற்குப் பொறியியல் தரும் விடை, ஒரே வேலைக்குப் பல ஆட்களை வைப்பது. ஒரு கடிகாரம் ஆயிரம் இரவுகளில் ஒரு முறை நிற்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு கடிகாரங்கள் ஒரே இரவில் நிற்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. மூன்றும் நிற்க நூறு கோடியில் ஒன்று. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்கு கடிகாரங்கள்கூட வைத்தார்கள்.

ஆனால் இந்தப் பெருக்கல் கணக்குக்குள் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. ஒரு கடிகாரம் நிற்பதற்கும் இன்னொன்று நிற்பதற்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் வாய்ப்புகளைப் பெருக்கலாம். இங்கேயோ மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒரே நாளில் துடைத்து எண்ணெய் விடப்பட்டவை. ஒரே குளிரை அனுபவிப்பவை. கதவை ஓங்கிச் சாத்தினால் மூன்றுக்கும் ஒரே அடி. பொதுவான காரணம் வந்தால் மூன்றும் சேர்ந்தே விழும். போதாததற்கு, மனிதத் தவறுக்கு எந்தப் பெருக்கலும் உதவாது. 42 என்று வைக்க வேண்டிய இடத்தில் மூன்றையும் 66-க்குத் திருகிவிட்டால், வங்கி திங்கட்கிழமை முழுதும் மூடிக்கிடந்து செவ்வாய் காலையில்தான் திறக்கும். இயந்திரம் தவறே செய்யவில்லை; சொன்னதைச் செய்கிறது.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. மூன்றில் ஒன்று நின்றாலும் கதவு வழக்கம்போல் திறந்துவிடும். இரண்டாவது நின்றாலும் திறக்கும். மூன்றாவது நிற்கும் நாளில்தான் தெரியும், இத்தனை நாளும் ஒற்றைக் கடிகாரத்தை நம்பியிருந்தோம் என்று. மாற்று ஏற்பாடு குறையைத் தாங்கிக்கொள்ளும்போதே அதை மறைத்தும்விடுகிறது. காலையில் கதவைத் திறந்ததும் கண்ணாடி வழியே மூன்று முகப்பையும் பார்க்கும் பழக்கமும், ஆண்டுதோறும் கடிகாரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்யும் ஒழுங்கும் இல்லாவிட்டால் மூன்று என்பது வெறும் அலங்காரம். விமானத்தின் பல கணினிகளுக்கும் அணுஉலையின் பல குளிர்விக்கும் பம்புகளுக்கும் இதே விதிதான் பொருந்தும்.

குமிழே இல்லாத கதவு

திருடர்களும் சும்மா இருக்கவில்லை. இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847-ல் உருவாக்கிய நைட்ரோகிளிசரின் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அது திரவம். கதவின் இடுக்கிலும், எண்பூட்டின் தண்டு கதவைத் துளைத்துச் செல்லும் ஓட்டையிலும் அதைக் கசியவிட்டு வெடிக்கவைத்தார்கள்.

பெட்டகத் தொழில் இரண்டு விதமாகப் பதில் சொன்னது. ஒன்று, உலோகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882-ல் கண்டறிந்த மாங்கனீஸ் எஃகு, அடிக்க அடிக்க, துளையிடத் துளையிட மேற்பரப்பில் மேலும் கடினமாகும் தன்மை கொண்டது. அதில் உருண்டையான பெட்டகங்களை வார்த்தார்கள். பீரங்கிக் குண்டு போன்ற அந்த வடிவில் பிடிமானமும் இல்லை, மூலையும் இல்லை. மற்றொன்று, ஓட்டையையே நீக்கிவிடுவது. எண்பூட்டு இருந்தால்தானே தண்டு, தண்டு இருந்தால்தானே துளை? சில பெட்டகங்களில் குமிழும் கைப்பிடியும் இல்லாமலே செய்துவிட்டார்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே வலுவான ஸ்பிரிங்குகள் இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். நேரம் முடிந்ததும் கடிகாரம் அவற்றை விடுவிக்கும். தாழ்கள் தாமாகவே பின்வாங்கும். வெளியே தொட்டுத் திருக எதுவுமே கிடையாது.

வெளியிலிருந்து எந்தச் செய்தியும் உள்ளே போக முடியாத இந்தப் பெட்டகம் நேரப்பூட்டின் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது. கடிகாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது.

பாதியில் நின்ற நேரம்

நூறு வயதான வங்கிக் கட்டடங்கள் பல உணவகங்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. பெட்டகம் மட்டும் அப்படியே நிற்கிறது, நகர்த்த முடியாத கனம். அதை வாங்கியவர் கடிகாரங்களின் அழகில் மயங்கி ஒரு நாள் சாவி கொடுத்துப் பார்க்கிறார். டிக் டிக் என்று ஓடுகிறது. யாரோ கதவைச் சாத்திவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்தும் திறக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாவி கொடுக்காத நேரப்பூட்டு எதையும் பூட்டாது. ஓடி முடித்த நேரப்பூட்டும் அப்படியே. ஐம்பது ஆண்டுகளாகத் திறக்காத பெட்டகம் கிடைத்தால், அதன் நேரப்பூட்டு எப்போதோ ஓடி முடித்துவிட்டு, தொலைந்துபோன எண்கள் மட்டுமே தடையாக இருக்கலாம். அல்லது கடிகாரங்கள் எல்லாம் பாதி வழியில் நின்றிருக்கலாம். பெட்டகத் தொழில்நுட்பர் முதலில் செய்வது, மருத்துவரைப்போல, நோய் எது என்று கண்டுபிடிப்பது. உரிமைச் சான்றுகளைப் பார்த்துவிட்டு, முதலில் அவர் பரிந்துரைப்பது பெரும்பாலும் காத்திருப்பது. அந்த மாதிரிப் பூட்டு அதிகபட்சம் எத்தனை மணி நேரம் ஓடக்கூடியதோ அத்தனை நேரமும் கடக்கட்டும். கதவில் ஒலி உணர்வியை ஒட்டவைத்துக் கேட்கிறார். துடிப்பு கேட்டால் எதுவும் செய்யத் தேவையில்லை.

துடிப்பு கேட்காவிட்டால்? கடிகாரம் ஏன் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கடிகாரத்தின் ஆற்றல் முழுவதும் மெயின் ஸ்பிரிங்கில் இருக்கிறது. அதிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக, துடிக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு வரும்போது வேகம் பல மடங்கு கூடுகிறது, விசை அதே அளவுக்குக் குறைகிறது. மூன்று நாள் ஆற்றலைப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மிகமிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை உராய்வு விழுங்கிவிட்டால் சக்கரம் நின்றுவிடும். அக்காலத்துக் கடிகாரங்களுக்கு விட்ட எண்ணெய் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில் வில்லியம் நை என்பவர் கடற்பன்றி போன்ற கடல் பாலூட்டிகளின் தாடைக் கொழுப்பிலிருந்து எடுத்து விற்ற எண்ணெய் கடிகாரக்காரர்களிடையே பேர்போனது. எவ்வளவு நல்ல எண்ணெயானாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை விடாது. துலக்காத அகல் விளக்கில் தங்கிய எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகுவதுபோல், அச்சு முனைகளில் விட்ட துளி எண்ணெயும் இறுகிப் பசையாகிறது. குளிர்ந்தால் இன்னும் கெட்டியாகிறது.

மேலும் ஒரு முரண். ஸ்பிரிங் அவிழ அவிழ அதன் விசை தளர்கிறது. கடைசி மணி நேரத்தில்தான் அது மிகவும் தளர்ந்திருக்கும். அதே கடைசி மணி நேரத்தில்தான் நெம்புகோலைத் தள்ளும் கூடுதல் வேலையும் கடிகாரத்தின் தலையில் விழுகிறது. பலம் குறைந்திருக்கும்போது சுமை கூடுகிறது. பழைய பூட்டு இலக்குக்கு அருகில் வந்து நின்றுபோகக்கூடியதன் காரணம் இது.

ஆனால் இந்த இயற்பியலிலேயே நம்பிக்கையும் இருக்கிறது. பாதியில் நின்ற கடிகாரத்தின் ஸ்பிரிங்கில் மிச்ச ஆற்றல் அப்படியே இருக்கிறது. கதவைத் திறக்கத் தேவையான ஆற்றலைப் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கைவிரல்களால் முறுக்கி உள்ளே வைத்துவிட்டார். அது வெளிவர வழியின்றி உராய்வின் பின்னால் காத்திருக்கிறது. எனவே தொழில்நுட்பர் கதவோடு மல்லுக்கட்டுவதில்லை; கடிகாரத்தை எழுப்பப் பார்க்கிறார். ரப்பர்ச் சுத்தியலால் கதவில் மெதுவாக, விடாமல் தட்டுவது பழைய முறை. அதிர்வு எஃகுக்குள் பயணித்துப் பேலன்ஸ் சக்கரத்தைச் சற்றே அசைக்கும். அதனோடு பிணைந்த ஹேர் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். இறுகிய எண்ணெயின் பிடி ஒரு கணம் விலகினால் சில துடிப்புகள் கிடைக்கும். சில சமயம் அதிலிருந்து ஓட்டமே பிடித்துவிடும். சில சமயம் நின்று நின்று, நாட்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யத்தை நோக்கி நகரும். மூன்றில் ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும். 'அல்லது' என்ற அந்தப் பழைய தர்க்கம் இப்போது கை கொடுக்கும்.

அவசரம் ஆகாது

எழுப்பியும் எழாத கடிகாரத்துக்குத்தான் துளைபோடும் வைத்தியம். அந்த மாதிரிப் பெட்டகத்தின் உள்ளமைப்பை வரைபடத்தோடு அறிந்தவர், கதவில் பென்சில் பருமனுக்கு ஒரு துளையிட்டு, மருத்துவர்கள் வயிற்றுக்குள் பார்ப்பதற்கு வைத்திருப்பது போன்ற எண்டோஸ்கோப்பை நுழைத்து, நெம்புகோலை மெல்லிய கம்பியால் விலக்குவார். கடினத் தகடுகளைக் கடப்பதற்குக் கார்பைடு அல்லது வைர முனைகள் வேண்டும். பொறுமையும் வேண்டும். வேலை முடிந்ததும் துளையைக் கடின எஃகு முளையால் அடைத்து, வெளியே தெரியாதபடி பூசிவிடுவார்.

வீட்டில் இருக்கும் துளைப்பானை எடுத்துக்கொண்டு தாமாக இறங்குபவர்களுக்குப் பழைய பெட்டகங்கள் மோசமான பரிசுகளை வைத்திருக்கின்றன. முரட்டுத்தனமாக அடித்தால் தனி ஸ்பிரிங்கில் இயங்கும் மறுதாழ்கள் பாய்ந்து கதவை நிரந்தரமாக இறுக்கிவிடலாம். நெருப்புத் தடுப்புக்காகச் சுவருக்குள் அடைத்த பொருளில் கல்நார் இருக்கலாம். எல்லாவற்றையும்விடக் கொடியது, 1920-களிலும் 30-களிலும் கதவின் உட்புறத்தில் பொருத்திய கண்ணாடிக் குப்பிகள். அவற்றில் இருப்பது குளோரோபிக்ரின், முதல் உலகப்போரில் பயன்பட்ட நச்சுப்பொருள். கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். அந்தக் கண்ணாடி இன்னும் உடையக் காத்திருக்கிறது. 2003 டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தில் பெட்டகம் ஒன்றின் திருட்டுத் தடுப்புக் குப்பியிலிருந்து வெளியான வாயு ஆட்களைத் தாக்கிய சம்பவத்தை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்திருக்கிறது.

அவசரத்தின் விலையை சான் ஃபிரான்சிஸ்கோ நன்கு அறியும். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய தீயில் வங்கிகள் எரிந்தன. பெட்டக அறைகள் தப்பி நின்றன. உள்ளே காகிதங்கள் ஆக்சிஜன் குறைந்த சூட்டில் வெந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் கதவைத் திறந்தால் புதுக்காற்று பட்டதும் எல்லாம் தீப்பற்றிவிடும். ஆகவே வங்கிகள் பெட்டகங்கள் ஆறும்வரை நாட்கணக்கில் காத்திருந்தன. தீ நெருங்கும் முன்பே பணத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்ட ஏ.பி. ஜியானினியின் 'பேங்க் ஆஃப் இத்தாலி' அந்த நாட்களில் கடன் கொடுத்து வளர்ந்தது. பிற்காலத்தில் 'பேங்க் ஆஃப் அமெரிக்கா' ஆனது அந்த வங்கிதான்.

கடிகாரமே இல்லாத நேரப்பூட்டு

இன்றைய வங்கிப் பெட்டகங்கள் பலவற்றில் பித்தளைக் கடிகாரங்களின் இடத்தை மின்னணுச் சில்லுகள் பிடித்துவிட்டன. ஆனால் யோசனை மாறவில்லை. அது பெட்டகத்தை விட்டு வெளியேறி எண்களின் உலகுக்கும் போயிருக்கிறது.

ஒரு ரகசியச் செய்தியை இன்னும் பல ஆண்டுகளுக்கு யாருமே படிக்க முடியாதபடி பூட்ட முடியுமா? காவலர் கிடையாது, கடிகாரம் கிடையாது, கணக்கு மட்டும். ரொனால்ட் ரிவெஸ்ட், அடி ஷமீர், டேவிட் வாக்னர் மூவரும் 1996-ல் இதற்கு வழி சொன்னார்கள். ஒரு எண்ணை வர்க்கம் செய், வந்த விடையைப் பெரிய எண் ஒன்றால் வகுத்து மீதியை எடு, அதை மறுபடி வர்க்கம் செய். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் விடை தேவை. ஆயிரம் கணினிகளை வாங்கி வேலையைப் பங்கிட்டாலும் பயனில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். துடிப்புகளை எண்ணும் கடிகாரத்தின் இடத்தில் இங்கே வர்க்கங்களை எண்ணும் கணினி. ரிவெஸ்ட் 1999-ல் இப்படி ஒரு புதிரை எம்.ஐ.டி.யில் அறிவித்தார். சுமார் 80 லட்சம் கோடி முறை வர்க்கம் செய்ய வேண்டும். கணினிகளின் வேகம் கூடிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும் என்றார்.

2019 ஏப்ரலில் விடை வந்துவிட்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்னார்ட் ஃபாப்ரோ என்ற நிரலாளர், சாதாரணக் கணினி ஒன்றை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் விடாமல் ஓடவிட்டு அதை அவிழ்த்தார். தனிவகை வன்பொருளைக் கொண்டு இரண்டே மாதத்தில் முடிக்கத் திட்டமிட்ட இன்னொரு குழு அப்போது பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

சார்ஜென்டின் பூட்டு பிழை செய்தால் தாமதமாகும், அல்லது திறக்கவே திறக்காது. ரிவெஸ்டின் பூட்டு பிழை செய்தது எதிர்த்திசையில்: பதினைந்து ஆண்டு முன்னதாகத் திறந்துகொண்டது. பித்தளை தன் வேகத்தை மீற முடியாது, நிற்க மட்டுமே முடியும். சிலிக்கான் நிற்பது அரிது, ஆனால் நாம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடிவிடும்.

மனிதரின் கையிலிருந்து ஒரு முடிவைப் பிடுங்கி ஒரு நிகழ்முறையிடம் ஒப்படைப்பவர்கள் எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தவறு நேர்வது உறுதி. எந்தப் பக்கமாக நேரலாம் என்பதை மட்டுமே முன்கூட்டி முடிவு செய்ய முடியும். 1870-களின் வங்கிகள் தெரிந்தே தேர்ந்தெடுத்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் தாங்களே தங்கள் பணத்துக்கு வெளியே நிற்க நேரலாம் என்ற அவமானத்தை ஏற்றுக்கொண்டு, காசாளரின் படுக்கையறைக்குப் போகும் வழியை அடைத்தன. பழைய பெட்டகத்தின் முன் சுத்தியலோடு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பர், அந்த ஒப்பந்தத்தின் கடைசித் தவணையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.